பத்து யார்டுச் சங்கிலி

பந்தின் மூக்குக்கும் என் கம்பிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் இருந்தது. அக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில், நடுவர் குனிந்து அந்த இடைவெளியை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்; கையை மறுதிசையில் நீட்டினார். பந்து எதிரணிக்குப் போயிற்று. நான்கு புள்ளி வித்தியாசத்தில் எங்கள் கல்லூரி தோற்றது. தோல்வி எங்களுக்குப் புதிதன்று. அந்தப் பருவத்தில் அதற்கு முன்பே ஆறு ஆட்டங்களைத் தோற்றிருந்தோம். ஆனால் அந்த இரண்டு விரல் இடைவெளியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது மைதானத்தில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். ஆறு மாதங்களாக அதை யாரிடமும் விரிவாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். அமெரிக்காவின் மத்திய மேற்கில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் ஒரு சிறிய கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்கே கால்பந்து என்றால், ஹெல்மெட் அணிந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்துதான். இக்கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லை அந்தப் பொருளிலேயே எழுதுகிறேன். முதல் பத்து ஆண்டுகளில் நான் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அந்த அணியே தேவையில்லை என்ற எண்ணம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வந்தது. சென்ற ஆண்டு வசந்த காலத்தில், ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லவும் செய்தேன். இறந்துபோன 202 ஆட்டக்காரர்களின் மூளைகளைச் சோதித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக் காட்டினேன். அவர்களில் கல்லூரியோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட 53 பேரில் 48 பேருக்கு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தாம் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்திருக்கும்; ஆகவே இந்த விகிதத்தை ஆடியவர்கள் அனைவருக்கும் பொருத்திவிட முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அப்படியிருந்தும் அந்த எண்ணிக்கையைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இயற்பியல்காரன் என்பதால் இன்னோர் உதாரணத்தையும் சொன்னேன். ஒரு காலத்தில் கால்பந்தில் பெரும்புகழ் பெற்றிருந்த சிகாகோ பல்கலைக்கழகம், ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக இருந்தபோது, 1939-இல் தன் அணியைக் கலைத்தது. ஆட்டம் நின்றுபோன அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-ஆம் நாள், என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருச் சங்கிலித் தொடர்வினையை நிகழ்த்தியது. ஒரு கல்வி நிலையம் தன் ஆற்றலை எதில் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டேன். அறை அமைதியாக இருந்தது. வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும், "அதே சிகாகோ 1969-இல் அணியை மீண்டும் தொடங்கிவிட்டது, இன்றும் நம்மைப் போல மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறது" என்று மெல்லச் சொன்னார்.

கூட்டம் முடிந்தபின் அவர் என் அறைக்கு வந்தார். இருபது ஆண்டுகளாக எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர் அவர். அந்த ஆண்டோடு ஓய்வு பெறுவதால் அந்த இடம் காலியாகிறது என்றும், நான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். "நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு பருவம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

சங்கிலியின் நீளம்

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இதை மட்டும் சொன்னால் போதும்: பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு, அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். எங்களைப் போன்ற கல்லூரிகளில் அந்தப் பத்து யார்டை அளப்பதற்கு இன்றுவரை இரண்டு கம்பிகளும் அவற்றுக்கிடையே ஒரு சங்கிலியும்தான் பயன்படுகின்றன. கம்பிக்கு ஒருவராக இருவர். எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் பலகையோடு ஒருவர். சங்கிலியில், ஐந்து யார்டுக்கு ஒன்றாக வரையப்பட்ட கோடு எங்கே வெட்டுகிறதோ அந்தக் கண்ணியில் ஒரு கிளிப்பை மாட்டி வைப்பதற்கு ஒருவர். அந்தக் கிளிப்புதான் முழு ஏற்பாட்டின் உயிர். சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோய் நேர்கோட்டில் அளக்க வேண்டி வரும்போது, கிளிப்பை அதே கோட்டின் மேல் வைத்து இழுத்தால் கம்பி பழைய இடத்திலேயே வந்து நிற்கும். நான் முன்கம்பி பிடித்தேன். ஆகஸ்ட் மாதம் பொறுப்பேற்றவுடன், ஆய்வகத்திலிருந்து எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சங்கிலியை அளந்தேன். 9.144 மீட்டர், ஒரு மில்லிமீட்டரும் பிசகவில்லை. அளவுக் கருவியைக் கையில் எடுத்தால் முதலில் அதையே அளந்து பார்ப்பது என் தொழில் பழக்கம். அப்படிச் செய்ததற்காகப் பின்னால் நான் வருந்தவும் நேர்ந்தது.

இந்தப் பத்து யார்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. தொடக்க காலத்தில் அது ஐந்து யார்டாக இருந்தது, மூன்று முயற்சிகள். ஐந்து யார்டுதானே என்று எல்லோரும் கைகோத்து, ஒரே திரளாக நெஞ்சோடு நெஞ்சு மோதித் தள்ளுவதே ஆட்டமாயிற்று. 1905-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் களத்தில் அடிபட்டு இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதைத் தொடர்ந்து 1906-இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்றானது. ஐந்து யார்டு பத்தாயிற்று. நெருக்கித் தள்ளினால் பத்து யார்டு கிடைக்காது, ஆகவே ஆட்டக்காரர்கள் விரிந்து பரந்து ஆடியாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நான்காவது முயற்சி 1912-இல் சேர்ந்தது. இன்று கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் அந்த 1906-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் வழியாகவே பிறந்தது. அந்தப் பெயர் 1910-இல் வந்தது.

அதாவது நான் கையில் பிடித்திருந்த சங்கிலியின் நீளமே, பையன்கள் சாகக் கூடாது என்று கூடிப் பேசி முடிவு செய்த நீளம். ஆட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று வாதிட்டவன் கையில் அது வந்து சேர்ந்திருந்தது.

நாற்பத்து மூன்று பேர்

மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. என்.சி.ஏ.ஏ. 1973-இல் பிரிவுகளை வகுத்தபோதே அப்படி விதித்துவிட்டது. தொலைக்காட்சியில் காணும் பெரிய பல்கலைக்கழகங்களின் லட்சம் பேர் அமரும் அரங்கங்களுக்கும் எங்கள் மைதானத்துக்கும் உறவே இல்லை. பெற்றோர்கள், சில பழைய மாணவர்கள், ஆட்டக்காரர்களின் அறைத்தோழர்கள் என்று முந்நூறு பேர் வந்தால் அது நல்ல கூட்டம். ஆனால் மூன்றாம் பிரிவுக்குள்ளேயும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஒஹாயோவிலுள்ள மவுண்ட் யூனியன் இந்தப் பிரிவின் தேசிய பட்டத்தை 13 முறை வென்றது. 2000 முதல் 2003 வரை தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றது. மறுகோடியில், மினசோட்டாவின் மக்காலஸ்டர் கல்லூரி 1974 முதல் 1980 வரை தொடர்ந்து 50 ஆட்டங்களைத் தோற்றது. நாங்கள் அந்த இரண்டாவது வகைக்கு அருகில் இருந்தோம்.

பெரிய அணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சீருடையோடு நிற்பார்கள். ஆகஸ்ட் பயிற்சி தொடங்கியபோது எங்களிடம் 43 பேர் இருந்தார்கள். களத்தில் ஆடுவது பதினோரு பேர்தானே, 43 போதாதா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தாக்குதலுக்குப் பதினோரு பேர், தடுப்புக்கு வேறு பதினோரு பேர், உதைக்கும் தருணங்களுக்குத் தனி ஆட்கள் என்று கூட்டிப் பார்த்தால் அந்த எண்ணிக்கை எவ்வளவு மெலிதானது என்று புரியும். குறிப்பாக, முன்வரிசையில் நின்று ஒவ்வொரு முறையும் மோதும் லைன்மேன்கள்; அந்த இடத்துக்கு நூற்று முப்பது கிலோ எடையுள்ள ஒருவன் வேண்டும். வேகமாக ஓடும் பையனை அங்கே நிறுத்தி வைக்க முடியாது.

முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றோம். ஐந்தாவது ஆட்டத்தை எங்கள் மைதானத்தில் 20-17 என்று வென்றோம். அதன் பிறகு மீண்டும் இரண்டு தோல்விகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவன் ஊன்றுகோலோடு திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். முழங்கால், தோள்பட்டை, கணுக்கால். ஏழாவது ஆட்டம் முடிந்தபோது ஆடத் தகுதியானவர்கள் 29 பேர்.

தோல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்த சோர்வை அவர்களிடம் காணவில்லை. மைதானத்தில் சங்கிலிக்காரர்கள் கைதட்டக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது என்பது ஒழுங்கு. அதனால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. 38-3 என்று தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், முன்வரிசையில் இடப்பக்கம் நிற்கும் எங்கள் இடது கார்டு, கீழே விழுந்த தன் அணியினன் ஒருவனைத் தூக்கி நிறுத்தி, அவன் ஹெல்மெட்டின் கம்பிக்குள் சிக்கியிருந்த புல்லைக் கட்டை விரலால் எடுத்துவிட்டு, மீண்டும் தன் இடத்தில் போய்க் குனிந்து நின்றான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெயர் வேண்டாம், அவன் சட்டையில் இருந்த 64 என்ற எண்ணாலேயே இங்கு குறிப்பிடுகிறேன். என் இரண்டாம் ஆண்டு மின்காந்தவியல் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்காருபவன். அதுவரை அவனை நன்றாகக் கணக்குப் போடும், அதிகம் பேசாத மாணவன் என்று மட்டுமே அறிந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை

ஏழாவது ஆட்டம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, வகுப்பில் திரையில் படம் ஒன்றைக் காட்டியபோது 64 தலையைத் திருப்பிக்கொண்டான். சற்று நேரத்தில் கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, வெளிச்சம் உறுத்துகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். தலைவலி இருக்கிறதா என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சனிக்கிழமையிலிருந்து" என்றான்.

அவனை என் அறைக்கு அழைத்துப் போய், விளக்கை அணைத்துவிட்டு, உட்கார வைத்தேன். ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் ஒரு மோதலுக்குப் பிறகு சில நொடிகள் மைதானம் சாய்ந்து தெரிந்ததாகச் சொன்னான். அதன் பிறகும் ஆடியிருக்கிறான். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. இதை அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உந்தம் பற்றி நான் வைத்த தேர்வில் நூற்றுக்கு தொண்ணூற்று ஆறு வாங்கியவன். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வீரத்தையோ வலியைத் தாங்குவதையோ பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னான்.

"நாங்கள் 29 பேர் இருக்கிறோம், புரொஃபசர். நான் உட்கார்ந்தால் 28. கிரின்னெல் 28-இல்தான் நிறுத்தியது."

அயோவாவின் கிரின்னெல் கல்லூரி 2019-ஆம் ஆண்டு, மூன்று ஆட்டங்கள் முடிந்த நிலையில், மிச்சப் பருவத்தையே ரத்து செய்தது. 39 பேரோடு தொடங்கிய அணியில், காயங்களால், ஆடத் தகுதியோடு 28 பேரே எஞ்சியிருந்தார்கள். இனி ஆடுவது பாதுகாப்பன்று என்று ஆட்டக்காரர்களே முடிவெடுத்தார்கள். கல்லூரி அதை ஏற்றது. அது பொறுப்பான முடிவு என்று அப்போதே படித்து மகிழ்ந்தவன் நான். எங்கள் பையன்களோ அந்த 28-ஐ ஒரு வாசற்படியைப் போல மனத்தில் வைத்திருந்தார்கள். உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவனும் தினமும் தலைகளை எண்ணியிருக்கிறான். எங்கள் நிர்வாகம் அப்படி ஓர் எண்ணை அறிவித்ததே இல்லை. அறிவிக்காததனால்தான் அவர்களாகவே ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேருக்கு அது கடைசிப் பருவம். தன் தலைவலியால் அவர்களுடைய கடைசி மூன்று ஆட்டங்கள் இல்லாமல் போகக் கூடாது என்று இருபது வயதுப் பையன் ஒருவன், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கண்களோடு மூன்று நாள் நடமாடியிருக்கிறான்.

என்.சி.ஏ.ஏ. 2010 முதல் ஒவ்வொரு கல்லூரியிலும் தலைக்காயத்துக்கான திட்டம் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. அறிகுறி தென்பட்டால் அன்றே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகே, படிப்படியாக, மீண்டும் சேர்க்க வேண்டும். எங்கள் கல்லூரியிலும் அத்திட்டம் உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் அது ஆட்டக்காரன் வாய் திறப்பதிலிருந்து தொடங்குகிறது. நூறு பேர் உள்ள அணியில் ஒருவன் வாய் திறந்தால் அடுத்தவன் வந்து நிற்பான். 29 பேர் உள்ள அணியில் வாய் திறப்பவன் எல்லோருடைய பருவத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வசந்த காலத்துக் கூட்டத்தில் மூளைகளின் எண்ணிக்கையைச் சொன்ன எனக்கு, இந்த எண்ணிக்கை தெரிந்திருக்கவில்லை.

"நீயே போய்ச் சொல். இல்லையென்றால் இன்று மாலைக்குள் நான் சொல்வேன்" என்றேன். அவன் கெஞ்சவில்லை. ஒரு வாரம் மட்டும் பொறுக்க முடியுமா என்று ஒரே ஒருமுறை கேட்டான். முடியாது என்றேன். இருவரும் நடந்தே உடற்பயிற்சி நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த தடகள மருத்துவ உதவியாளரிடம் அவனே சொன்னான். நான் கதவருகில் நின்றேன். அவர் அவனை உட்கார வைத்து, பருவத் தொடக்கத்தில் எடுத்த நினைவாற்றல் தேர்வின் தாளைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னார். ஆகஸ்டில் பதினொன்று சொன்னவன் அன்று ஐந்து சொன்னான்.

இடது பக்கம்

அந்தச் சனிக்கிழமை 28 பேரோடு ஆடினார்கள். யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. 64-இன் இடத்தில் முதலாமாண்டு மாணவன் ஒருவன் நின்றான். பயிற்சியில்கூட வலது பக்கம் மட்டுமே ஆடிப் பழகியவன். 64-ஐவிட இருபது கிலோ குறைவானவன்.

எங்கள் மைதானத்தில் சங்கிலிக்காரர்கள் நிற்பது எதிரணியின் பக்கம். ஆகவே ஆட்டம் முழுவதும் எதிரணியின் பயிற்சியாளர்கள் பேசுவது எங்கள் காதில் விழும். விழுந்தாலும் அதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அந்த நம்பிக்கையின் பேரில்தான் சங்கிலியைக் கையில் தருகிறார்கள். முதல் கால் பகுதி முடிவதற்குள் அவர்களுடைய தடுப்புப் பயிற்சியாளர் கண்டுபிடித்துவிட்டார். என் தோளுக்கு மூன்றடி தள்ளி நின்று, தன் ஆட்டக்காரர்களிடம், "இடது கார்டு புதுப் பையன். எடையை இரண்டு காலிலும் வைக்கத் தெரியவில்லை. அங்கேயே போங்கள்" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அது அவர் வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அங்கேயே போனார்கள். அந்தப் பையன் பின்னால் சாய்வதும், எழுந்து வருவதும், மீண்டும் சாய்வதுமாக இருந்தான். மைதானத்தின் மறுகரையில், சீருடையின் மேல்சட்டை மட்டும் அணிந்து, வெளிச்சத்துக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு 64 நின்றிருந்தான். ஒவ்வொரு முறை எங்கள் அணியினர் ஓரத்துக்குத் திரும்பி வரும்போதும் அந்த முதலாமாண்டுப் பையனைப் பிடித்து நிறுத்தி, காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று தன் காலால் காட்டிக்கொண்டிருந்தான்.

இருந்தும் ஆட்டம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 21-17. கடைசி இரண்டு நிமிடங்களில் பந்து எங்களிடம். எதிரணியின் 31-ஆவது யார்டுக் கோட்டில், நான்காவது முயற்சி, ஒரு யார்டு தேவை. மூன்று புள்ளிக்கு உதைத்துப் பயனில்லை. நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். பந்தை ஏந்தியவன் இடது பக்கம்தான் ஓடினான், ஏனென்றால் அந்தப் பருவம் முழுவதும் ஒரு யார்டு வேண்டும் என்றால் 64-இன் முதுகுக்குப் பின்னால் ஓடுவதே எங்கள் வழக்கம். உடம்புகள் அந்த வழியைப் பழகியிருந்தன. முதலாமாண்டுப் பையன் இந்த முறை சாயவில்லை. காட்டிக்கொடுத்தபடியே காலை ஊன்றி நின்றான். ஆனால் முன்னே தள்ளவும் முடியவில்லை. எல்லோரும் ஒரு குவியலாக விழுந்தார்கள்.

அளக்க வேண்டும் என்று நடுவர் சைகை காட்டினார். கிளிப் பிடிப்பவர் முதலில் ஓடினார். நாங்கள் இரு கம்பிகளோடும் பின்னால் ஓடினோம். கிளிப்பை 35-ஆவது யார்டுக் கோட்டின் மேல் வைத்து அழுத்தினார்கள். நடுவர் என் கையிலிருந்த கம்பியை வாங்கி, சங்கிலி விறைக்கும்வரை இழுத்து, நிமிர்த்தி நிறுத்தினார். சங்கிலியின் கண்ணிகளில் காய்ந்த புல்லும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன. பந்து தரையில், நூல் தையல் மேலே தெரியக் கிடந்தது. அதன் முனைக்கும் கம்பிக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிந்தது. இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. கம்பி எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் நிற்கிறது என்று அந்த மைதானத்தில் என்னளவு உறுதியாக அறிந்தவர் எவரும் இல்லை. 64 அந்த இடத்தில் நின்றிருந்தால் இரண்டு விரல் என்ன, இரண்டு யார்டு கிடைத்திருக்கும். இதை எந்தப் பணிவுக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய ஆட்டங்களில் அதை நேரில் பார்த்தவன்.

கம்பியை வாங்கிக்கொண்டு ஓரத்துக்குத் திரும்பி நடந்தபோது, நான் சரியாகத்தான் செய்தேன் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனாலும் நெஞ்சு கனத்தது. சரியானதைச் செய்தவனுக்கு இவ்வளவு பாரம் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய மூன்று நாட்களும் அந்தப் பையன் சுமந்தது இதைத்தானே என்ற நினைவு விடியற்காலையில்தான் வந்தது. வழிகாட்டும் விதி இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, ஒருவன் தன் மனசாட்சியை மட்டும் வைத்துத் தன் அணியின் பருவத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. முதலில் அவன், பிறகு நான்.

ஓர் எண் வேண்டும்

பருவம் ஒன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்று முடிந்தது. கடைசி ஆட்டம் வெளியூரில். இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போய், முதன்முறையாகப் பார்வையாளனாக உட்கார்ந்தேன். கைதட்ட அனுமதி இருந்தும், கம்பி இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். 64-க்கு அந்த வாரம் புதன்கிழமைதான் மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார். கோச் அவனைக் கடைசிக் கால் பகுதியில் எட்டு முயற்சிகளுக்கு மட்டும் இறக்கினார். அந்த எட்டையும் நான் எழுந்து நின்று பார்த்தேன்.

அணியை மூட வேண்டும் என்ற என் பழைய கருத்து அப்படியே இல்லை. அதை முழுதாகக் கைவிட்டுவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. 53-இல் 48 என்ற எண் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் சிறிய அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்து, தவறான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். தோற்பதால் அவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. மக்காலஸ்டர் 50 ஆட்டங்கள் தோற்று, 1980 செப்டம்பரில் கடைசி நொடிகளில் உதைத்த ஒரு ஃபீல்டு கோலால் 17-14 என்று வென்றது. அந்த ஐம்பது தோல்விகளால் அங்கே யாருடைய வாழ்க்கையும் பாழாகவில்லை. கேடு எண்ணிக்கையில் இருக்கிறது. ஆள் குறையக் குறைய, எஞ்சியிருப்பவன் ஒவ்வொருவனுடைய உடம்பும் விலைமதிப்பற்றதாகிறது; அதனாலேயே அவன் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்ல முடியாதவனாகிறான்.

இந்த வசந்த காலத்துக் கூட்டத்தில் அணியைப் பற்றிய பேச்சு மீண்டும் வந்தபோது, நான் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஆகஸ்ட் மாதத்திலேயே, பருவம் தொடங்குமுன், கல்லூரியே ஓர் எண்ணை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆடத் தகுதியானவர்கள், அதிலும் லைன்மேன்கள், இத்தனை பேருக்குக் கீழே போனால் அந்த வாரத்து ஆட்டம் இல்லை. பருவம் முழுவதையும் மூடத் தேவையில்லை, அந்த ஒரு வாரம் போதும். நிறுத்தியது நிர்வாகத்தின் விதி என்று ஆகிவிட்டால், எந்த மாணவனும் தன் தலைவலியால் நின்றது என்று நினைக்க மாட்டான். இரண்டாவது, வாரநாள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் வீழ்த்தும் மோதலை அறவே நிறுத்த வேண்டும். இது நடக்காத காரியம் என்று கோச் முதலில் சொன்னார். மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கலியார்டி பல பத்தாண்டுகள் பயிற்சியில் வீழ்த்தும் மோதலே இல்லாமல் அணியை நடத்தினார். 2012-இல் ஓய்வு பெறும்போது அவர் பெயரில் 489 வெற்றிகள் இருந்தன. மவுண்ட் யூனியனின் 55 ஆட்ட வெற்றித் தொடரை 2003 இறுதிப் போட்டியில் 24-6 என்று முறித்தது அவருடைய அணிதான். அந்த வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் கோச். சற்று யோசித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாகக் குறைக்கச் சம்மதித்தார். எண்ணைப் பற்றிய கோரிக்கை இன்னும் ஒரு குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. ஆகஸ்டுக்குள் முடிவு வரவில்லை என்றால் மீண்டும் எழுந்து கேட்பேன்.

சென்ற வாரம் ஆய்வக வகுப்பில், மற்றவர்கள் போன பிறகும் 64 தன் சுருளையும் மின்கம்பிகளையும் சேகரித்துக்கொண்டிருந்தான். அந்த அக்டோபர் ஆட்டத்தைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தச் சங்கிலி சரியாக இருந்ததா, புரொஃபசர்?" என்று கேட்டான்.

ஆகஸ்டிலேயே எஃகு நாடாவால் அளந்தேன் என்றும், 9.144 மீட்டர் என்றும் சொன்னேன்.

"அப்படியானால் எட்டவில்லைதான்" என்றான். சுருளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மாடத்தில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான்.